மலையகத்தில் கேம்பிங்: குடும்பத்தோடும் வேனோடும் குதிரையோடும் வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் பிறந்து வளர்ந்தது அப்புத்தளைப் பக்கத் தோட்டம் ஒன்றில். கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று எல்லாப் பக்கமும் இருந்து சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் "மலையில் கூடாரம் அடித்துத் தங்க நல்ல இடம் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இத்தனை வருடமாக அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். ஹோட்டல் வசதியைக் கூடாரத்துக்குள் தேடுகிறவர்களுக்கு இது உதவாது. மண்தரை, பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து குழாயில் வந்து விழும் தண்ணீர்), விறகடுப்பு இருந்தால் போதும் என்கிறவர்களுக்காக எழுதியது.

இடம் தெரிவு செய்யும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

தண்ணீரை. அது எங்கிருந்து வருகிறது, உங்களைத் தாண்டி எங்கே போகிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். எல்லோரும் முதலில் "வியூ எப்படி?" என்றுதான் கேட்கிறார்கள். மலையகத்தில் எந்த மேட்டில் ஏறி நின்றாலும் காட்சி கிடைக்கும். நல்ல தண்ணீரும் உறுதியான நிலமும்தான் சேர்ந்து கிடைப்பதில்லை.

ஒரு மாசி மாதக் காலை எனக்கு மறக்காது. அம்மாயி வீடு இருக்கிற லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) மேலே, ஓடைக்கரையில், முதல் நாள் இரவு ஒரு கூட்டம் வந்து தங்கியிருந்தது. விடிய ஐந்தரைக்கு அம்மாயி பீலியில் குடத்தை வைத்தபோது குடத்தின் வாயில் வெள்ளை நுரை கட்டியது. கையில் அள்ளி முகர்ந்தால் சவர்க்கார வாசம். கொஞ்ச நேரத்தில் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் வந்தது, கூடவே இரண்டு சோற்றுப் பருக்கை. கொழுந்தெடுக்கப் போக வேண்டிய நேரத்தில், பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி வைப்பதற்காக அம்மாயி தோட்டத்தின் அடுத்த டிவிசன் (பிரிவு) பீலிவரை குடத்தோடு ஏறிப் போனார். மேலே தங்கியவர்கள் கெட்டவர்கள் இல்லை. கீழே இருபது வீடு இருப்பது அவர்களுக்குத் தெரியாது. தேயிலை அந்த வீடுகளை மறைத்துவிட்டது.

அதனால் ஓர் இடம் பிடித்திருந்தால், கூடாரத்தைப் பிரிக்கும் முன் கீழ்நோக்கிப் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். ஓடையிலிருந்து கறுப்புக் குழாய் ஒன்று பிரிந்து போனால் அதன் மறுமுனையில் யாரோ குடம் வைக்கிறார்கள். பாத்திரம் கழுவுவதையும் குளிப்பதையும் ஓடையிலிருந்து குறைந்தது 60 மீற்றர் தள்ளி, வாளியில் அள்ளி வைத்துச் செய்யுங்கள். அந்தத் தண்ணீரை மண்ணில் ஊற்றிவிட்டால் மண்ணே வடித்துக்கொள்ளும். நீங்கள் குடிப்பதைக் கொதிக்க வையுங்கள். உங்களுக்கு மேலேயும் யாராவது இருக்கலாம்.

எந்த மாதம் வரலாம்?

மலையகம் முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது. ஒரு மலைக்கு இந்தப் பக்கம் கொட்டும்போது அந்தப் பக்கம் வெயில் அடிக்கும்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனை, நுவரெலியாவின் மேற்குச் சரிவு எல்லாம் நனைந்து கிடக்கும். அதே நேரத்தில் ஊவாப் பக்கம், அதாவது பண்டாரவளை, வெலிமடை, பதுளை, காய்ந்திருக்கும். மழையை மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு வெறுங்காற்றாக மலையைத் தாண்டி வருவதுதான் காரணம். மட்டக்களப்பில் கச்சான் என்று சொல்கிற காற்றும் இதுதான். ஜூலை, ஆகஸ்டில் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் வருவது இந்தக் காற்றால். ஆனால் மலைமுகட்டில் அடித்த கூடாரத்தை முளையோடு பிடுங்குவதும் இதுவேதான். அந்த மாதங்களில் ஊவாவுக்கு வந்தால் முகட்டை விட்டு, காற்றுக்கு முதுகு காட்டும் சரிவில் தங்குங்கள்.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. அப்போது பதுளை, மடூல்சீமை, நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குப் பக்கம் நனையும். ஜனவரி பாதிக்கு மேல் நுவரெலியா தெளிய ஆரம்பிக்கும். குடும்பத்தோடு முதல்தடவை வருகிறவர்களுக்கு நான் சொல்வது பெப்ரவரியும் மார்ச் முதல் பாதியும். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் காலை நன்றாக இருக்கும், பின்னேரம் இடியோடு மழை வரும். இடி கேட்கிற நேரத்தில் முகட்டிலும் தனி மரத்தடியிலும் இருக்கக் கூடாது. ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். சித்திரைப் புத்தாண்டு, குதிரைப் பந்தயம், மலர்க்கண்காட்சி எல்லாம் அப்போதுதான். அமைதி தேடுகிறவர்கள் அந்த மாதத்தைத் தவிர்க்கலாம்.

ஒக்டோபர், நவம்பரில் வராதீர்கள். இதை மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன். புயலும் தாழமுக்கமும் வருகிற மாதங்கள் அவை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

மண்சரிவு வரும் இடத்தை எப்படி அடையாளம் காண்பது?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த மலையில் ஏற்கெனவே அடையாளங்கள் இருந்தன. தெரிந்துகொண்டால் கூடாரம் அடிக்கிறவருக்கும் அவை உதவும்.

நிலத்தில் பிறை வடிவில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். மரங்களும் மின்கம்பங்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அந்த மண் நகர்கிறது. முன்பு தண்ணீர் இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று கிளம்பினாலோ, தெளிந்த ஓடை திடீரென்று செம்மண் நிறமானாலோ, வழக்கமாக ஓடும் ஊற்று சட்டென்று நின்றாலோ, சாமானைக் கட்டிக்கொண்டிருக்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் விலகுங்கள். மண் வருகிற திசையிலேயே கீழ்நோக்கி ஓடக் கூடாது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழை அளவை வைத்து மூன்று படிகளில் எச்சரிக்கை விடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 மில்லிமீற்றர் என்றால் அடுத்த படி. 150 மில்லிமீற்றரையோ ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரையோ தொட்டால் வெளியேற வேண்டும். மலையில் சிக்னல் இல்லாமல் இருக்கும்போது இதை எப்படி அளப்பது? பக்கங்கள் நேராக இருக்கும் வெறும் மீன் டின் ஒன்றை வெளியில், மரத்துக்கு அடியில் இல்லாமல் வையுங்கள். பிள்ளையின் அடிமட்டத்தை அதற்குள் விட்டுப் பார்த்தால் எத்தனை மில்லிமீற்றர் என்று தெரிந்துவிடும். நான் எப்போதும் ஒரு டின் வைப்பேன். இரவு எழுந்து டோர்ச் அடித்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

இன்னொன்று, கான். தேயிலை மலையில் தண்ணீர் வடிய வெட்டிய வாய்க்காலைக் கான் என்போம். வெயில் காலத்தில் அது புல் மூடி, சமமாக, கூடாரம் அடிக்கவே வெட்டி வைத்தது போல் இருக்கும். அதற்குள்ளும் அதன் வாயிலும் படுக்கக் கூடாது. ஆற்றங்கரையும் அப்படித்தான். பெலிஹுல்ஓயாவில் கரையோரம் தங்குவது பலருக்குப் பிடிக்கும். அந்த ஆறு ஹோட்டன் சமவெளியில் தொடங்குகிறது. நீங்கள் இருக்கும் இடத்தில் நட்சத்திரம் தெரியும்போதே மேலே பெய்த மழை கீழே வந்து சேரலாம். கரையிலிருந்து உயரமான திட்டில் தங்குங்கள், பிள்ளைகளை இருட்டியபின் ஆற்றுக்கு விடாதீர்கள்.

ஹோட்டன் சமவெளியில் தங்க முடியுமா?

முடியும். அது 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடம், வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. அவர்கள் ஒதுக்கிய முகாமிடங்களில், முன்கூட்டியே பதிவு செய்துதான் தங்கலாம். நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க விடமாட்டார்கள். வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், அதற்குக் கோபப்படாதீர்கள். அங்கே மரைகள் மனிதரின் சாப்பாட்டு வாசத்துக்குப் பழகிக் கிட்ட வரும், பையோடு சேர்த்து விழுங்கும். எவ்வளவு அழகாகத் தலையை நீட்டிக் கேட்டாலும் ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்கக் கூடாது.

உயரம் 2,100 மீற்றருக்கு மேல். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் வெப்பநிலை 5 பாகைக்குப் பக்கத்தில் இறங்கும். சில விடியல்களில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். கைக்குழந்தையோடு முதல் கேம்பிங்கை அங்கே தொடங்க வேண்டாம். பெரிய பிள்ளைகள் என்றால் அந்த விடியலை அவர்கள் வாழ்நாள் முழுக்கச் சொல்வார்கள். உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பை ஒன்பது மணிக்கு முன் பார்த்துவிடுங்கள், அதன் பிறகு கீழே இருந்து மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

நக்கிள்ஸ் பக்கம் எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த மலை. அது வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் உள்ள காடு, அனுமதி அங்கேதான் எடுக்க வேண்டும். 2010இல் ஹோட்டன் சமவெளியோடும் சிவனொளிபாதமலைக் காட்டோடும் சேர்ந்து உலக மரபுரிமையானது. மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் போகும் பாதையில் குடும்பத்தோடு வேனில் போகலாம். ஹுன்னஸ்கிரியவிலிருந்து மீமுரே இறங்கும் பாதை வேறு மாதிரி. உயரமான வாகனமும் பழகிய டிரைவரும் இல்லாமல் அதில் இறங்காதீர்கள். மீமுரேயில் கிராமத்தவர் ஒருவரை வழிகாட்டியாகச் சேர்த்துக்கொண்டால் அவருக்கும் வருமானம், உங்களுக்கும் வழி தவறாது. அங்கே எல்லோரும் சிங்களம் பேசுகிறவர்கள். நாலு வார்த்தை சிங்களத்தில் கதைத்தால் முகம் மலர்ந்துவிடும்.

தேயிலைத் தோட்டத்துக்குள் கூடாரம் அடிக்கலாமா?

தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு அனுமதி வாங்கினால் அடிக்கலாம். வாயிலில் இருக்கும் காவல்காரர் "சரி, போங்க" என்று சொன்னது அனுமதி ஆகாது. பிறகு பிரச்சினை வந்தால் அவருடைய வேலைதான் போகும். ஒப்பீஸில் பெயர், வாகன இலக்கம், எத்தனை பேர் என்று கொடுத்துவிட்டுப் போங்கள்.

மருந்தடித்த மலையா என்றும் கேளுங்கள். களைநாசினி அடித்த இடத்தில் பிள்ளைகளை உருள விடக் கூடாது. கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடியைக் கட்டையாக வெட்டிவிட்ட மலையில் நிழலும் இல்லை, காலைக் குத்தும் குச்சிகளும் நிறைய. காலையில் கொழுந்தெடுக்க வருகிற அக்காமாரின் வழியில் கூடாரக் கயிற்றைக் கட்டாதீர்கள். அவர்களைக் கேட்காமல் படம் எடுக்கவும் வேண்டாம்.

பெரிய கேம்பர் வாகனம் கொண்டு வரலாமா?

வெளிநாட்டில் ஆர்வி என்று சொல்கிற, வீடு போன்ற பெரிய வண்டிக்கு ஏற்ற வீதிகள் இங்கே இல்லை. ஹையேஸ் வேன் அளவு சரியானது. உள்ளே படுக்கை போட்ட வேன், கூரைமேல் கூடாரம் வைத்த ஜீப், கேம்பர் ஆக்கிய திரீவீலர், இவை எல்லாம் நன்றாக ஓடுகின்றன. ரோசா பஸ் அளவு வண்டியென்றால் பிரதான வீதியை விட்டு இறங்கும் முன் யோசியுங்கள். தம்பேதன்னையிலிருந்து லிப்டன் சீட் என்கிற காட்சிமுனைக்கு ஏறும் தோட்டப் பாதையில் எதிரே ஒரு லொறி வந்துவிட்டால், நூறு மீற்றர் பின்னுக்கு ஓட்டி ஒதுங்க வேண்டி வரும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். ஓஹியவிலிருந்து ஹோட்டன் சமவெளிக்கு ஏறும் பாதையும் ஒடுக்கமானது, செங்குத்தானது. பட்டிப்பொலப் பக்கம் அதைவிட இலகு.

இறக்கத்தில்தான் பலர் தவறுகிறார்கள். றம்பொடை இறக்கம், எல்லயிலிருந்து வெல்லவாய, பெரகலையிலிருந்து அல்துமுல்லை, எல்லாம் நீளமான இறக்கங்கள். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, கருகிய வாசம் வந்து, பிறகு மிதித்தாலும் பிடிக்காது. அந்த வாசம் வந்ததும் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணித்தியாலம் ஆற விடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஓட்டோமெட்டிக் வாகனத்திலும் கீழ்க்கியர் இருக்கிறது. அதை எப்படிப் போடுவது என்று வீட்டிலேயே பழகிவிட்டு வாருங்கள்.

தங்கும் இடத்தில் வாகனம் நிற்கும் தரை கல் போட்டதா, வெறும் மண்ணா என்று கேளுங்கள். வெயிலில் இரும்பாக இருக்கும் செம்மண் ஒரு மழைக்குப் பிறகு சவர்க்காரமாகிவிடும். வாகனத்தின் முகத்தை வெளிவழிக்குத் திருப்பி நிறுத்துவது எங்கள் பக்கத்துப் பழக்கம், இரவில் அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தால் உதவும்.

கரண்ட், மலசலகூடம், கழிவுத் தண்ணீர்?

பெரும்பாலான இடங்களில் வாகனத்துக்குக் கரண்ட் கொடுக்கும் வசதி கிடையாது. ஒரு பொதுக் குடிலில் இரண்டு பிளக் இருந்தால் பெரிய விஷயம். சோலார் தகட்டை நம்பி வந்தால் மூடுபனி நாட்களில் பெட்டரி ஏறாது. ஜெனரேட்டர் வேண்டவே வேண்டாம். மலையில் அதன் சத்தம் மூன்று பள்ளத்தாக்குக்குக் கேட்கும்.

வாகனத்துக் கழிவறைத் தொட்டியைக் காட்டிலோ கானிலோ திறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அம்மாயியின் அந்த நுரை கட்டிய குடத்தை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். முகாமிடத்துக்குச் சொந்தக் குழி இருந்தால் கேட்டு அதில் ஊற்றலாம், இல்லாவிட்டால் மூடியபடியே திருப்பிக் கொண்டுபோங்கள்.

சொந்தக் குதிரையோடு வரலாமா?

வரலாம், ஆனால் இடங்கள் குறைவு. தேசியப் பூங்காக்களுக்குள் சொந்த மிருகங்களைக் கொண்டுபோக முடியாது. நக்கிள்ஸ் காட்டுக்குள்ளும் அந்த எண்ணம் வேண்டாம். மிச்சம் இருப்பவை தோட்டப் பாதைகளும் தனியார் பண்ணைகளும். தோட்டப் பாதைகள் குதிரைக்குப் புதியவை இல்லை. ஒரு காலத்தில் தோட்டத்தை நடத்திய துரைமார் குதிரையில்தான் மலை பார்க்கப் போனார்கள், பழைய பங்களாக்களில் லாயம் இன்னும் நிற்கிறது. நுவரெலியாப் பந்தயத் திடல் 1875இலிருந்து இருக்கிறது.

குதிரையைக் கீழ்நாட்டிலிருந்து லொறியில் ஏற்றி வந்தால் முதல் நாள் அதன்மேல் ஏறாதீர்கள். இத்தனை வளைவுகளில் நான்கு காலையும் ஊன்றி நின்றே வந்திருக்கிறது, தசையெல்லாம் இறுகிப் போயிருக்கும். தண்ணீர் காட்டி, மெதுவாக நடக்க விடுங்கள். ஒரு குதிரை நாளைக்கு 25 முதல் 45 லீற்றர் வரை குடிக்கும். அதனால் "தண்ணீர் இருக்கிறது" என்று இடத்துக்காரர் சொன்னால் எவ்வளவு என்று கேளுங்கள். குடும்பத்துக்குப் போதுமான தாங்கி இரண்டு குதிரைக்குப் போதாது. தேங்கிய குட்டையில் குடிக்க விடாமல் வாளியில் காட்டுங்கள், மூக்குக்குள் அட்டை ஏறினால் வெளியில் தெரியாது. மூக்கில் இரத்தம் கசியும், குதிரை தலையை உதறிக்கொண்டே இருக்கும். அப்போது மிருக வைத்தியரைத்தான் தேட வேண்டும்.

தீனியைக் கூடவே கொண்டு வாருங்கள். குதிரையின் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு காய்ந்த புல் வேண்டும். 300 கிலோ போனிக்கு நாளைக்கு ஐந்து, ஆறு கிலோ. புதுப் புல்லுக்குத் திடீரென்று மாற்றினால் வயிற்று வலி வரும். அது குதிரையைக் கொன்றும் விடும். வழியோரம் மேய விடுவதிலும் கவனம். நாயுண்ணிச் செடி, அலரி, பன்னம் எல்லாம் குதிரைக்கு நஞ்சு. மேல்மலையில் சிவப்பாகப் பூக்கும் ரொடொடென்ட்ரன் மரத்தின் இலையும் அப்படித்தான்.

குதிரையை இரவில் எப்படிக் கட்டுவது?

இரண்டு உறுதியான மரத்துக்கு நடுவே, ஆள் கையை மேலே நீட்டும் உயரத்தில் ஒரு கயிற்றை இறுக்கிக் கட்டி, அதில் குதிரையின் கயிற்றைத் தொங்க விடுவது நல்லது. மூக்கு தீனியைத் தொட வேண்டும், காலில் கயிறு சிக்கக் கூடாது. அந்த அளவுதான் நீளம். மரத்தில் கயிற்றை நேரடியாகச் சுற்றினால் பட்டை உரியும், அகலமான பட்டியோ சாக்கோ வைத்துக் கட்டுங்கள். கூடாரத்துக்கும் ஓடைக்கும் எட்டத்தில், ஆனால் உங்கள் காதுக்குக் கேட்கிற தூரத்தில் இருக்கட்டும். குளிரைக் குதிரை தாங்கும். நனைந்த உடம்பில் காற்றுப் படுவதைத்தான் தாங்காது, அதனால் ஒரு தறப்பாள் கூரையாவது வேண்டும். சாணத்தைக் காலையில் சிதறிவிடுங்கள். மரக்கறித் தோட்டம் பக்கத்தில் இருந்தால் அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

பிள்ளைகள் நுவரெலியாவில் வாடகைக் குதிரையில் ஏறலாமா?

கிரகரி வாவிப் பக்கமும் பந்தயத் திடல் பக்கமும் போனிகள் நிற்கும். ஏற்றும் முன் குதிரையைப் பாருங்கள். சேணத்து விரிப்பைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி முதுகில் உள்ளங்கையை மெல்ல ஓட்டினால் போதும். வலி இருக்கிற இடத்தில் தோல் துடிக்கும், முதுகு கீழே அமிழும், காது பின்னுக்குப் போகும். அப்படி இருந்தால் அந்தக் குதிரை வேண்டாம். விலா எலும்பை எட்ட நின்றே எண்ண முடிந்தாலும் வேண்டாம். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது, அதுவும் சேணத்தோடு சேர்த்து. 250 கிலோ போனிக்கு 50 கிலோதான் கணக்கு. பிள்ளை ஏறலாம், அப்பா பக்கத்தில் நடந்து வரட்டும். நன்றாகப் பராமரிக்கும் குதிரைக்காரருக்குக் கேட்ட காசைப் பேரம் பேசாமல் கொடுங்கள், தீனி அதிலிருந்துதான் வருகிறது.

சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் குளிரைத் தாங்குவார்களா?

சரியாகப் படுக்க வைத்தால் தாங்குவார்கள். குளிர் மேலே இருந்து வருவதைவிட நிலத்தில் இருந்துதான் ஏறும். போர்வையை இரண்டாக்குவதைவிட அடியில் விரிப்பதை இரண்டாக்குங்கள். பாய்க்குக் கீழே காய்ந்த மானாப்புல் பரப்பினால் இன்னும் நல்லது, அட்டை இருக்கிறதா என்று உதறிப் பார்த்துவிட்டு. படுக்கும் முன் எல்லோரும் காய்ந்த உடுப்பு, காய்ந்த காலுறை மாற்ற வேண்டும். வயதானவர்கள் இரவில் வெளியே போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

சமையலில் ஒரு விஷயம். 2,000 மீற்றரில் தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடும். அரிசியும் பருப்பும் கீழே வேகிற நேரத்தில் வேகாது. குக்கர் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் முதல் நாள் இரவுக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் அதற்கு ஈடு எதுவும் கிடையாது.

கரி அடுப்பையோ பாபகியூ அடுப்பையோ கூடாரத்துக்குள்ளும் வேனுக்குள்ளும் எடுத்துப் போகவே கூடாது, அணைந்தது போல் இருந்தாலும். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்கியவர்கள் எழ மாட்டார்கள்.

அட்டைக் கடிக்கு என்ன செய்வது?

நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகுங்கள், காலுறைமேல் சவர்க்காரமோ சித்தாலேபம் என்கிற மூலிகைத் தைலமோ தடவுங்கள். ஏறிவிட்டால் நகத்தால் வாய்ப் பக்கத்தைத் தள்ளி எடுக்கலாம், உப்பும் தேசிக்காய்ச் சாறும் வேலை செய்யும். இரத்தம் கொஞ்ச நேரம் ஓடும், பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகள் பெரியவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் அழுகிறார்கள்.

புலி வருமா?

மலையகத்தில் நாங்கள் புலி என்று சொல்வது சிறுத்தையைத்தான். தேயிலைக்குள்ளும் நடமாடும். கூடாரத்துக்குள் இருக்கும் மனிதரைத் தேடி அது வராது. நாயைத் தேடி வரும். நாயைக் கூட்டிவந்தால் இரவில் வெளியே கட்டாமல் உள்ளே படுக்க வையுங்கள். சாப்பாட்டு மிச்சத்தை வெளியே விட்டால் காட்டுப்பன்றி வரும்.

எனக்குப் புலியைவிடக் குளவிதான் பயம். தோட்டங்களில் கொழுந்தெடுக்கும்போது குளவி கொட்டி இறந்தவர்கள் எத்தனையோ பேர். கூடாரம் அடிக்கும் முன் தலைக்கு மேலே உள்ள கிளைகளையும் பாறை விளிம்பையும் நன்றாகப் பாருங்கள். கூடு தெரிந்தால் சத்தமில்லாமல் இடத்தை மாற்றுங்கள். அதற்குக் கீழே நெருப்பு மூட்டிப் புகை போடுவதும், பாட்டுப் பெட்டியை அலற விடுவதும் மிக ஆபத்து. கலைந்துவிட்டால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு ஓடி வாகனத்துக்குள் ஏறுங்கள். நிறையக் கொட்டியிருந்தால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள்.

நெருப்பு மூட்டலாமா?

இடத்துக்காரர் காட்டும் குழியில் மட்டும். காட்டில் விறகு பொறுக்கக் கூடாது, வழியில் விறகு விற்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாவில் நெருப்பே வேண்டாம், கேஸ் அடுப்புப் போதும். மானாப்புல் மலையில் ஒரு பொறி விழுந்தால் அந்தக் காற்றில் மலை முழுக்கக் கருகிவிடும். அடுத்த மழைக்கு அந்த மண் கீழே உள்ள பீலிகளில் வந்து நிற்கும்.

பதிவு செய்யும் முன் போனில் என்னென்ன கேட்பது?

தண்ணீர் ஊற்றா, குழாயா, வெயில் காலத்திலும் வருமா? கடைசி இரண்டு கிலோமீற்றர் பாதை எப்படி, போன வாரம் எந்த வாகனம் வந்து போனது? பெண்களுக்குத் தனி மலசலகூடம் உண்டா, உள்ளே கொண்டி இருக்கிறதா? கொண்டியைப் பற்றிக் கேட்க வெட்கப்படாதீர்கள், எங்கள் அக்கா ஒருவர் இரவெல்லாம் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அப்புறம், வேறு யார் அன்று தங்குகிறார்கள், குடித்துப் பாட்டுப் போடும் கூட்டமா என்றும் கேளுங்கள். அருகில் எந்த ஆஸ்பத்திரி, போனுக்கு டயலொக் சிக்னல் எடுக்குமா, மொபிட்டல் எடுக்குமா என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். வீட்டில் ஒருவருக்கு இடத்தின் பெயரையும் திரும்பும் நாளையும் சொல்லிவிட்டு வாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, பொலிஸ் 119.

கேட்டதற்கு "எல்லாம் இருக்கு, வாங்க" என்று மட்டும் பதில் வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். "தண்ணி பின்னேரம் மூணு மணிக்கு மேலே கொஞ்சம் குறையும், ரெண்டு வாளி பிடிச்சு வைப்போம்" என்று ஒருவர் சொன்னால் அவரிடம் நான் காசு கட்டுவேன்.

எங்களுக்கு ஒரே ஒரு இரவுதான் இருக்கிறது. எங்கே போகலாம்?

பெப்ரவரி, மார்ச் என்றால் அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவே, வீதியிலிருந்து நடந்து எட்டக்கூடிய ஓர் இடத்தை எடுங்கள். தூரத்து மலைக்கு ஆசைப்பட்டால் அந்த ஒரு நாளும் வளைவுகளிலேயே போய்விடும், பிள்ளைகள் வாந்தி எடுத்துக் களைத்து வருவார்கள். பின்னேரம் மூன்று மணிக்கு முன் வந்து சேருங்கள். ஆறரைக்கு இருட்டிவிடும், அதற்குள் கீழே நடந்து பார்க்கவும் தண்ணீர் பிடிக்கவும் நேரம் வேண்டும். இரவு வானம் தெளிவாக இருந்தால் தெற்கே, வெகு கீழே, சமவெளி ஊர்களின் விளக்குகள் தெரியும். காலை ஐந்தரைக்கு எழுந்து பிளேன்டீ ஒன்று போட்டுக்கொண்டு வெளியே உட்காருங்கள். லயத்தில் ஒவ்வொரு விளக்காக எரியும், பீலியில் குடம் நிறையும் சத்தம் கேட்கும்.